மூன்று தலைமுறையில் குடி எங்கே போனது?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்கிறேன். தவறாக விளங்கியிருந்தால் திருத்துங்கள். களுவாஞ்சிகுடிப் பக்கத்தைச் சேர்ந்த உங்கள் அம்மம்மா, குடி, அதாவது தாய்வழிக் குலம், எதுவென்று கேட்காமல் எந்தச் சம்பந்தமும் பேசமாட்டார். உங்கள் அம்மாவுக்குத் தன் குடியின் பெயர் தெரியும். ஆனால் அவர் யாரிடமும் குடி கேட்டதில்லை. கொழும்பில் வளர்ந்த உங்களுக்கு அந்தப் பெயரே தெரியாது. மூன்று தலைமுறைக்குள் ஒரு சமூகம் இப்படி மாறுவது எப்படி, யுத்தமா, படிப்பா, பணமா காரணம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை மூன்றாம் முறை வாசித்தபோது அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் பட்டது. எங்களிடம் இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு போனவர் யார் என்றும் கேட்கிறீர்கள். இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மானிடவியல் படித்தவன் அல்லன். 1987 முதல் கல்முனைப் பக்கத்தில் நொத்தாரிசாக இருந்து காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், எழுதியவன். களுவாஞ்சிகுடியிலிருந்து திருக்கோவில் வரை தமிழரும் முஸ்லிம்களும் என் மேசைக்கு வந்திருக்கிறார்கள். ஒரு குடும்பம் தனக்குள் என்ன முடிவு செய்தது என்பதைக் கோயில் திருவிழாவைவிட, கலியாணப் பத்திரிகையைவிட, உறுதி நேராகச் சொல்லும் என்பது என் அனுபவம். ஆனால் இந்தச் சாட்சியத்துக்கு ஒரு பக்கச் சாய்வு உண்டு. காணி இல்லாதவர்கள் நொத்தாரிசிடம் வருவதில்லை. பெரிய நிலக்காரரான போடியாரின் வயலில் கூலிக்கு நின்றவர்களின் கதையும், யுத்த காலத்தில் வாவியைக் கடந்து வர முடியாமல் இருந்த படுவான்கரை மக்களின் கதையும் என் பெட்டகத்தில் குறைவு. இதை மனத்தில் வைத்து வாசியுங்கள்.

வேறு ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்காக ஒரு விளக்கம். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் குடி என்பது தாய்வழியாக வரும் குலப்பெயர். உலகிப்போடி குடி, பணிக்கனார் குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி என்று பல. தாயின் குடிதான் பிள்ளையின் குடி. ஒரே குடியைச் சேர்ந்த ஆணும் பெண்ணும் எவ்வளவு தூரத்து உறவானாலும் சகோதர முறை, கலியாணம் பேசக்கூடாது. இதை ஒரே வழக்கமாக நினைத்துக்கொள்வதால்தான் கேள்வி சிக்கலாகிறது என்று நினைக்கிறேன். உண்மையில் குடி மூன்று வேலைகளைப் பார்த்தது. யாரைக் கட்டலாம், யாரைக் கட்டக்கூடாது என்று சொன்னது. கோயிலிலும் பள்ளிவாசலிலும் யாருக்கு எந்த உரிமை என்று சொன்னது. வீடும் காணியும் யாரிடமிருந்து யாருக்குப் போக வேண்டும் என்பதற்குத் துணை நின்றது. இந்த மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தவை. இப்போது கயிறு அவிழ்ந்திருக்கிறது. அவிழ்ந்த பிறகு ஒவ்வொன்றும் தன் தன் வேகத்தில் போகிறது. ஒன்று அனேகமாகப் போய்விட்டது, ஒன்று உறுதியாக நிற்கிறது, மற்றது ஆளே மாறிப்போய் உயிரோடு இருக்கிறது.

இது எங்கிருந்து வந்தது என்று யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள். மலையாளக் கரையில் இருந்த, சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள் வழி முறைக்கும் நம் முறைக்கும் உள்ள ஒற்றுமை கண்ணை உறுத்தும் அளவுக்கு வெளிப்படையானது. 1215இல் பொலன்னறுவையைப் பிடித்த மாகனின் படையில் கேரள வீரர்கள் இருந்ததாகப் பழைய பாளி வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. இந்த இரண்டையும் இணைத்து, இந்தக் கரையின் முக்கிய சாதியினரான முக்குவர் அந்தப் படையோடு வந்தவர்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். நடந்திருக்கக்கூடியதுதான். ஆனால் அது ஊகம். கல்வெட்டும் உறுதியும் சேர்ந்து நிரூபித்த விஷயம் அல்ல.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது உறுதிகளில் இருப்பது. இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு காணி கைமாறுவதென்றால் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும். உறுதியில் காணியின் நான்கு எல்லைகளும் வரும். நான் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு மூதாட்டி பழைய ரங்குப் பெட்டியிலிருந்து துணியில் சுற்றிய உறுதியொன்றை எடுத்து வந்தார். கறையான் ஒரு மூலையைத் தின்றிருந்தது. கடைசி மகளுக்கு வளவை, அதாவது வீட்டுக் காணியை, எழுத வேண்டும். எல்லைகளைப் பிரதி பண்ணுவதற்காக உரக்க வாசித்தேன். வடக்கில் இவருடைய மூத்த சகோதரியின் வளவு. தெற்கில் தாயின் தங்கையின் வளவு. மேற்கில் தாயின் தங்கையின் மகளுடைய வளவு. கிழக்கில் ஒழுங்கை, அதாவது சிறு தெரு. ஒழுங்கைக்கு அப்பால் யார் என்று கேட்டேன். அதுவும் எங்கள் ஆட்கள்தான், பெரியம்மாவின் பேத்தி என்றார். அந்தக் காகிதத்தில் நான் வாசித்தது ஒரு வளவின் எல்லையை என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு தாயின் வம்சம் நிலத்தின் மேல் படுத்துக்கிடப்பதைப் போலிருந்தது. அதில் ஓர் ஆணின் பெயரும் இல்லை. ஆண்கள் எல்லோரும் வேறு ஒழுங்கைகளிலிருந்து மாப்பிள்ளையாக வந்தவர்கள்.

முறை இப்படித்தான் ஓடியது. மூத்த மகளுக்குக் கலியாணம் நடக்கும்போது குடியிருக்கும் வீட்டையே அவளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிடுவார்கள். தாயும் தகப்பனும் மற்றப் பிள்ளைகளோடு அதே வளவில் இன்னொரு வீடு போட்டு மாறுவார்கள். அடுத்தவளுக்கு அந்த வீடு. இப்படியே போய், கடைசி மகளோடு பெற்றோர் தங்குவார்கள். நான் எழுதிய சீதன உறுதிகளில் பெரும்பாலானவற்றில் தாய் தகப்பனுக்குச் சீவிய உரித்து ஒதுக்கப்பட்டிருக்கும். அதாவது வீடு மகளுடையது. உயிர் இருக்கும்வரை பெற்றோரை வெளியே போகச் சொல்ல எவராலும் முடியாது.

இனிச் சட்டம். யாழ்ப்பாணத்து வழக்குச் சட்டமான தேசவழமைதான் மட்டக்களப்புக்கும் பொருந்தும் என்று கொழும்பில் படித்தவர்கள்கூட நினைக்கிறார்கள். பொருந்தாது. இங்கே முன்பு வழங்கியது முக்குவர் சட்டம். அதன்படி பரம்பரைச் சொத்தான முதுசொம் பெண்வழியில் போனது. ஆணின் பங்கு அவனுடைய பிள்ளைகளுக்குப் போகாமல் அவனுடைய சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. 1876இல் பிரித்தானியர் கொண்டுவந்த 15ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் பாதி வாழ்க்கைத் துணைக்கு, மீதி ஆண் பெண் வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்கு என்றாயிற்று. முஸ்லிம்களுக்கு 1931இல் தனிச் சட்டம் வந்தது. அது இஸ்லாமிய முறைப்படி மகனுக்கு மகளைப்போல் இரண்டு பங்கு தருவது. காகிதத்தில் பார்த்தால் தாய்வழி முறை 1876இலேயே செத்திருக்க வேண்டும்.

சாகவில்லை. ஏனென்றால் அந்தச் சட்டங்கள் ஒருவர் இறக்கும்போது அவர் கையில் இருக்கும் சொத்தைத்தான் பிடிக்கும். நம்மவர்கள் கையில் எதையும் வைத்துக்கொண்டு இறக்கவில்லை. மகளின் கலியாண நாளிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சட்டம் வாசலில் வந்து நிற்கும்போது வீடு ஏற்கெனவே மகளுடையதாக இருந்தது. மலையாளக் கரையோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். அங்கே தறவாடு என்பது பிரிக்க முடியாத ஒரே பெரிய கூட்டுச் சொத்து. மூத்த தாய்மாமன் அதற்குத் தலைவன். 1933இன் மதராஸ் சட்டம் போன்றவை பாகம் பிரிக்கலாம் என்று சொன்னதும் தறவாடு துண்டு துண்டாகியது. 1975இல் கேரள அரசு கூட்டுக் குடும்ப முறையையே சட்டத்தால் நீக்கியது. நம்மிடம் உடைப்பதற்கு அப்படியொரு பெரிய பானை இருக்கவில்லை. ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு என்று ஏற்கெனவே பிரிந்தே இருந்தது. ஒரு சமூகத்தைச் சட்டம் எவ்வளவு மாற்றும் என்பது சட்டத்தில் மட்டும் இல்லை, அது மோதுகிற வழக்கத்தின் உருவத்திலும் இருக்கிறது.

ஆனால் ஒரு பகுதி உடைந்தது. தாய்மாமனிடமிருந்து மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்கு, போகும் வழி அடைபட்டது. தகப்பன் தன் சொத்தைத் தன் மகளுக்கே கொடுக்கத் தொடங்கினான். தாய்மாமனுக்கு மரியாதை மிச்சம், அதிகாரம் இல்லை. 1876இன் சட்டம் வந்ததால் இது நடந்ததா, நடந்துகொண்டிருந்ததைச் சட்டம் முடித்து வைத்ததா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. எந்தத் தகப்பனுக்கும் மருமகனைவிடத் தன் மகள் அருமை. சட்டம் அந்த ஆசைக்கு ஒரு சாக்குக் கொடுத்திருக்கவும் கூடும்.

மதம்தான் காரணம் என்று சொல்பவர்களுக்கு நம் பிரதேசமே பதில். யாழ்ப்பாணத்துச் சைவனுக்கும் மட்டக்களப்புச் சைவனுக்கும் மதம் ஒன்று. இந்தக் குடிமுறை அங்கே கிடையாது. அக்கரைப்பற்றுத் தமிழருக்கும் அக்கரைப்பற்று முஸ்லிமுக்கும் மதம் வேறு. இருவருக்கும் தாய்வழிக் குடி உண்டு, இருவரும் மகளுக்கே வீடு கொடுக்கிறார்கள். இஸ்லாத்தில் மணமகன்தான் மஹர் கொடுக்க வேண்டும். அதைக் கொடுத்துவிட்டு, பெண் வீட்டார் கட்டிய வீட்டில்தான் மாப்பிள்ளை குடியேறுகிறார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கொரு மரைக்காயர், அதாவது குடியின் பிரதிநிதி, இருந்த ஊர்கள் பல. ஒரே வாவி, ஒரே வயல், பக்கத்துப் பக்கத்து ஒழுங்கை, முறையும் ஒன்றாகிவிட்டது.

வழக்கம் ஒன்று எப்படிச் சாகிறது என்று பார்க்க விரும்பினால் வயலுக்கு வாருங்கள். என் சிறு வயதில் வேளாண்மை வெட்டிச் சூடு (கதிர்க்குவியல்) வைத்து, எருமைகளை வளைத்து மிதிக்கவிடுவார்கள். இரவு முழுக்க நடக்கும். களத்துக்குள் போனால் பேச்சே மாறிவிடும். நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றே சொல்ல வேண்டும். பொருள்களுக்கெல்லாம் அங்கே வேறு பெயர்கள். வீட்டுப் பேச்சு வாயில் வந்துவிட்டால் வயல் வேலையை மேற்பார்க்கும் முல்லைக்காரன் முறைத்துப் பார்ப்பான். பூதம் பொலியைக் கொண்டு போய்விடும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் பயந்து வாயை மூடிக்கொண்டு பொலிக்குன்றைப் பார்த்துக்கொண்டிருப்போம். பிறகு எருமைக்குப் பதில் உழவு இயந்திரச் சில்லு வந்தது. அப்போதும் களம் இருந்தது, பேச்சும் பாதி இருந்தது. பிறகு அறுவடை இயந்திரம் நேரே வயலில் இறங்கி, வெட்டி, அடித்து, சாக்கில் கொட்டியது. சூடு இல்லை, களம் இல்லை, இரவில்லை. ஒரு மொழி முழுவதும் சில போகங்களில் இல்லாமற்போனது. யாரும் அதைத் தடைசெய்யவில்லை, யாரும் வெறுக்கவில்லை. அதற்கு நிற்க இடமில்லாமற் போயிற்று.

மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கத்துக்கு அப்படி நடக்கவில்லை, ஏனென்றால் அதற்கு எப்போதும் ஏதாவதொரு வேலை கிடைத்துக்கொண்டே இருந்தது. நான் இவ்வளவு காலத்தில் கண்டது இதுதான். வழக்கம் பழையதாகிவிட்டது என்பதற்காக மக்கள் அதைக் கைவிடுவதில்லை. அது சுமந்துகொண்டிருந்த வேலை போய்விட்டால் வேறொரு வேலையை அதன் தோளில் ஏற்றுகிறார்கள். ஏற்ற எதுவுமே இல்லாதபோதுதான் விழுகிறது. யுத்த காலத்தில் அந்த வீடு என்ன வேலை செய்தது என்று பாருங்கள். கணவனை இழந்த பெண்கள், கணவன் எங்கே என்றே தெரியாத பெண்கள் எத்தனை ஆயிரம். அவர்களில் பலருக்கு மாமனார் வீட்டுத் திண்ணையில் ஒதுங்கி நிற்கும் நிலை வரவில்லை. வீடு அவள் பெயரில் இருந்தது, பக்கத்து வளவில் அக்கா இருந்தாள், எதிர் ஒழுங்கையில் சின்னம்மா இருந்தார். அந்த மூதாட்டியின் உறுதியில் நான் வாசித்த நான்கு எல்லைகள், எத்தனையோ குழந்தைகளுக்குச் சோறு போட்டிருக்கின்றன. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

எதிர்த்திசையில் தள்ளியவையும் உண்டு. அவற்றில் அதிகம் பேசப்படாதது அரச காணிச் சட்டம். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, இங்கினியாகலையில் அணை கட்டி, சேனாநாயக்க சமுத்திரத்தின் தண்ணீர் காட்டுக்குள் பாய்ந்தது. கொலனிகள் எழுந்தன. வந்து குடியேறியவர்களில் பெரும்பான்மையினர் சிங்கள மக்கள். இன விகிதாசாரம் மாறியது, 1956இல் அங்கே இரத்தம் சிந்தியது, 1961இல் அம்பாறை தனி மாவட்டமானது. இவற்றையெல்லாம் எல்லோரும் பேசுகிறார்கள், பேசத்தான் வேண்டும். ஆனால் தண்ணீரோடு இன்னொன்றும் வந்தது. கொலனிக் காணி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கப்பட்டது. அதை நினைத்தபடி துண்டாடி எழுத முடியாது. பின்னுரித்தாளர், அதாவது அடுத்து உரிமை பெறுபவர், நியமிக்கப்படாவிட்டால் அட்டவணையில் மகன்தான் முதலில், அதிலும் மூத்தவன். கரையோரத்தில் மூன்று மகள்மாருக்கு மூன்று வீடு கொடுத்துப் பழகிய ஒருவர், கொலனியில் ஐந்து ஏக்கரை வைத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்து, இதை மூன்றாக எழுதித் தாருங்கள் என்று கேட்டார். முடியாது என்றேன். அப்படியென்றால் இது என்னுடைய காணி இல்லையா என்று கேட்டார். அதற்கு நான் சரியான பதில் சொன்னதாக இன்றைக்கும் நினைக்கவில்லை. கடைசியில் மகனைப் பின்னுரித்தாளராகப் போட்டார். மகன் வயல் வருமானத்தில் தங்கைமாருக்குக் கரையில் வீடு கட்டினான். வழக்கம் சட்டத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தது; ஆனால் அன்றுமுதல் தங்கைமாரின் வீடு தமையனின் மனத்தைப் பொறுத்ததாகிவிட்டது. மகனுக்கு முன்னுரிமை தந்த அந்த ஏற்பாடு 2022இல்தான் திருத்தப்பட்டது.

அடுத்தது கடல். 2004 டிசம்பர் 26 காலையில் கல்லடி, பாண்டிருப்பு, மருதமுனை, சாய்ந்தமருது என்று கரையெல்லாம் போனது. நம் பக்கத்தில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இறந்தார்கள். கிழக்கில் கடலிலிருந்து இருநூறு மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் அறிவித்தார்கள்; பிறகு தளர்த்தினார்கள். வேறிடத்தில் வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டபோது பல இடங்களில் பத்திரம் குடும்பத் தலைவர் பெயரில் எழுதப்பட்டது. குடும்பத் தலைவர் என்றால் ஆண். 2007இல் ஓர் அம்மம்மா இரண்டு பேத்திகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். சின்னவளுக்கு ஐந்து வயதிருக்கும், என் மேசையிலிருந்த மைத்தாளைத் தொட்டுத் தொட்டு விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளைக் கடல் கொண்டுபோயிற்று. மகளுடைய சீதன வளவு கடலோரத்தில் மணலாகக் கிடந்தது. அதன் உறுதி அம்மம்மாவிடம் இருந்தது. அந்த வளவுக்குப் பதிலாகக் கிடைத்த புது வீட்டின் பத்திரம் மருமகன் பெயரில் இருந்தது. மருமகன் மறுமணம் செய்து, அந்தப் பெண்ணோடு அங்கே இருந்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பிள்ளைகளுக்குப் பணம் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அம்மம்மா கேட்டது ஒன்றே ஒன்று. என் தாய் எனக்குத் தந்து, நான் என் மகளுக்குத் தந்த வீடு, இந்தப் பிள்ளைகளுக்கு வராமல் எப்படி அவருக்குப் போனது? படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பியவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. பல தலைமுறையாக ஓடிய ஓர் ஆறு, ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தில் திசை மாறியது. சுனாமிக்குப் பிறகு நான் எழுதிய உறுதிகளின் எல்லைகளில் வடக்கே இலக்கம் இன்ன வீடு, தெற்கே இலக்கம் இன்ன வீடு என்று வந்தது. சகோதரிகளைக் காணவில்லை.

பணத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பணம் அந்த வழக்கத்தை அழிக்கவில்லை, கனமாக்கியது. கம்பும் களிமண்ணும் கிடுகும் வைத்து உறவினர் கூடி எழுப்பிய வீட்டை மகளுக்குக் கொடுப்பது ஒரு காரியம். கொங்கிறீற்றுக் கூரை, மாபிள் தரை, மதில், கேற்று என்று இலட்சக் கணக்கில் போகும் வீட்டைக் கொடுப்பது வேறு காரியம். 1978 நவம்பர் சூறாவளி தென்னந்தோட்டங்களைச் சரித்துவிட்டுப் போன பிறகு பல குடும்பங்களுக்கு விற்க மரமும் இல்லை. எண்பதுகளிலிருந்து மத்திய கிழக்குக்குப் போன பெண்களைப் பற்றிப் பேசும்போது வறுமை என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். என்னிடம் வந்து காணி வாங்கியவர்களைக் கேட்டால் காரணம் இன்னும் துல்லியமாக வரும்: மகளுக்கு வீடு. தாய் பன்னிரண்டு வருடம் இன்னொருவர் வீட்டைத் துடைத்து, தன் மகளுக்கு ஒரு வீட்டை எழுதுகிறாள். தங்கைக்கு வீடு முடியும்வரை கலியாணமே வேண்டாம் என்று நாற்பது வயதுவரை நின்ற அண்ணன்மாரையும் எனக்குத் தெரியும். வீடு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கலியாணம் நடக்காமற்போன பெண்களையும் தெரியும். ஒரு காலத்தில் பெண்ணுக்குக் காவலாக இருந்ததே இப்போது அவள் கழுத்தில் விலையாகவும் தொங்குகிறது. தாய்வழிப் பெருமை பேசுகிற கட்டுரைகள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன. எனக்கு அதில் கோபம் உண்டு.

இனி உங்கள் நேரடிக் கேள்விக்கு வருகிறேன். கலியாணத்தில் குடி கேட்பது ஏன் போயிற்று? என் எண்ணத்தில் முதற்காரணம் தூரம். ஒரே ஊரில் அல்லது அடுத்த ஊரில் சம்பந்தம் செய்தபோது, எல்லோரும் ஏதோ ஒரு வகையில் உறவு. யார் மச்சான் முறை, யார் சகோதர முறை என்று அறியக் குடி தேவைப்பட்டது. இன்றைக்கு மாப்பிள்ளை வவுனியாவிலோ கனடாவிலோ இருக்கிறார். அவரிடம் குடி கேட்டால் அவருக்குக் கேள்வியே விளங்காது. தொழில் என்ன, படிப்பு என்ன, சாதி என்ன, சாதகம் பொருந்துமா என்பதே கேள்வி. யுத்தம் மக்களைச் சிதறடித்து இந்தத் தூரத்தைக் கூட்டியது, படிப்பும் உத்தியோகமும் அதையே அமைதியாகச் செய்தன. எது எவ்வளவு என்று பங்கு பிரித்துச் சொல்ல என்னிடம் தராசு இல்லை. இன்னொரு நுட்பமும் உண்டு. குடி தாய்வழியாக மட்டும் வரும். நம்மூர் ஆண் வெளியூர்ப் பெண்ணைக் கட்டினால் அந்தப் பிள்ளைகளுக்குக் குடி கிடையாது. தகப்பன் கொடுக்க முடியாது. நம்மூர்ப் பெண் யாரைக் கட்டினாலும் பிள்ளைகளுக்குக் குடி உண்டு. உங்கள் தாய் இந்த ஊர்ப் பெண். ஆகவே மகளே, உங்களுக்குக் குடி இருக்கிறது. பெயர் தெரியாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

கோயிலில் அது கொஞ்சமும் தளரவில்லை. கொக்கட்டிச்சோலை, மண்டூர், திருக்கோவில் போன்ற பெரிய கோயில்களில் கோயில் நிர்வாகியான வண்ணக்கர் பதவிக்கும் திருவிழா உபயத்துக்கும் குடியும் ஊரும் பார்க்கப்படுகின்றன. கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கில் எந்த நாள் எந்தக் குடியின் பூசை என்பதில் பிசகு வந்தால் வழக்கு நீதிமன்றம் வரை போகும்; அப்படிப் போன வழக்குகளின் பத்திரங்கள் என் கையில் பட்டிருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து பணம் வந்து கோயில்கள் பெருத்த பிறகு, முன்பைவிடக் குடிப்பெயர் உரத்துக் கேட்கிறது என்றுகூடச் சொல்வேன். கலியாணத்தில் வேலை இழந்த குடிக்கு அங்கே வேலை இருக்கிறது.

எடுத்துக்கொண்டு போனவர் யார் என்றால், ஒருவரை என்னால் காட்ட முடியாது. 1876இன் சட்டத்தை எழுதியவர், கொலனி அட்டவணையை எழுதியவர், சுனாமிப் படிவத்தை நிரப்பியவர் எல்லோருக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. அவர்களைப் பற்றி உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் அவர்கள் விட்டுச் சென்ற காகிதம் இருக்கிறது. கலியாணத்தைத் தூரத்தில் தேடிய தாய் தகப்பனுக்கும் பங்கு உண்டு; அது என் ஊகம், வலுவான ஊகம். கேட்காமல் விட்ட உங்கள் அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். கேட்டு ஆகவேண்டிய தேவை அவருக்கு வரவில்லை.

குடிப்பெயர் வேண்டுமானால் அம்மாவிடமே கேளுங்கள். அவருக்குத் தெரியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதோடு அம்மம்மாவின் வளவு உறுதி வீட்டில் எங்கேயாவது இருக்கும். ரங்குப் பெட்டியின் அடியில், சேலைகளுக்குக் கீழே பாருங்கள். அதை எடுத்து, அந்த நான்கு எல்லைகளிலும் இருக்கும் பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அம்மாவிடம் வாசித்து, இவர் யார், இவர் யார் என்று கேளுங்கள். பழைய கையெழுத்து விளங்காவிட்டால் அந்தப் பகுதியை மட்டும் எனக்கு அனுப்புங்கள், நான் வாசித்துச் சொல்கிறேன்.